தண்ணியில் தரைப் பேச்சு

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற அகிலாண்டேஸ்வரிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஊராருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கொழுப்பு கூடிவிட்டது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற இந்த அம்மாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி ஹெட்போனை மாட்டினால் ஏழு கடலையும் கலக்குகிற கொள்ளைக்காரி ஆகிவிடுவாள் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்கே இதில் பாதிதான் தெரியும்.

ஏழாங்கடல் என்பது அந்த வீடியோ கேமின் பெயர். அதில் தமிழர்கள் மட்டுமே ஓட்டுகிற கப்பல்கள் எத்தனையோ உண்டு. அகிலாவின் கப்பலுக்குச் சாளைக் கூட்டம் என்று பெயர். ஏறுகிற ஆள் ஒவ்வொருவரும் ஒரு மீன் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அகிலா கெளுத்தி. கப்பல் தலைவர் திருக்கை. கம்ப்யூட்டர் விவரமெல்லாம் தெரிந்தவன் விலாங்கு. வாயைத் திறந்தால் பாட்டும் கும்மாளமுமாக இருக்கிற இளவட்டம் நெத்திலி. இன்னும் சில பேர். குரலை வைத்து ஆணா பெண்ணா, வயசென்ன என்று ஊகிக்கலாமே தவிர, யார் எந்த ஊர், என்ன வேலை என்று ஒருத்தருக்கும் தெரியாது.

தெரியவும் கூடாது. ஏழாங்கடல்காரர்களுக்கு விளையாட்டுதான் தண்ணி, வெளியுலகம் தரை. தண்ணியில் தரைப் பேச்சு கூடாது என்பதுதான் முதல் சட்டம். மீறினால் அன்றைக்கு முழுக்கக் கப்பலின் அடித்தட்டில் நின்று தண்ணி இறைக்க வேண்டும். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஆட்களிடம் பேரைச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சனியன் எதுவும் இல்லாமல் நாலு பேர் சிரித்துப் பேச ஒரு இடம் வேண்டாமா? அகிலாவின் அம்மா செத்த வாரம் அவள் ஒன்றும் சொல்லாமல்தான் கப்பலில் ஏறினாள். அவள் குரலைக் கேட்டதுமே திருக்கை சண்டைப் பக்கமே போகாமல், அன்று முழுக்க அலையில்லாத கடலிலேயே கப்பலை ஓட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சொந்த அண்ணன்கூட அவளுக்கு அவ்வளவு செய்ததில்லை.

பிறகுதான் நிழல் வந்தது. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் கப்பலில் உங்கள் இடம் காலியாக இருக்குமே, அதற்காகக் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு அது. நீங்கள் வருஷக்கணக்காக அங்கே ஆடினதையும் பேசினதையும் இயந்திரம் கற்றுக்கொண்டு, உங்கள் குரலிலேயே உங்கள் நக்கலையே அடித்து உங்கள் இடத்தில் நிற்கும்; நீங்கள் வந்து ஏறினதும் ஒதுங்கிக்கொள்ளும். முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிப்போயிற்று. அப்புறம் அதற்கும் ஒரு மரியாதை முளைத்தது: "நீயா, நிழலா?" என்று யாரையும் கேட்கக் கூடாது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் உன்னை யார் கூப்பிட்டது என்று கேட்பது போல அது.

ஆரம்பத்தில் சில நிழல்களுக்குக் கிறுக்குப் பிடித்ததும் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சொந்தக்காரனின் பெயர், விலாசம், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் கொட்டி அழ ஆரம்பித்துவிடும். அதற்கு விளையாடுகிறவர்களே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். தலைவர் கை தூக்கச் சொல்வார். முக்கால்வாசிப் பேர் தூக்கினால் அது கப்பலை விட்டுக் கரையில் எறியப்படும். கம்பெனி அந்த நிழலின் பழைய நல்ல பிரதியை எடுத்துக் கப்பலில் நிறுத்திவிடும். கரை என்பது ஒரு வெறும் மணல்திட்டு. அங்கே கிறுக்கு நிழல்கள் நின்று புலம்பும் என்று புதுசாக வருகிறவர்களைப் பயமுறுத்துவார்கள். யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பெரிய கப்பலைப் பிடித்த சந்தோஷத்தில் எல்லாரும் இருந்தார்கள். நெத்திலி பாடிக்கொண்டிருந்தான். பாட்டு நடுவில் நின்றது. அவன் குரல் ரகசியம் பேசுவது போல இறங்கியது.

"டே, நான் நெத்திலிடா. நெசமாவே நான்தான். என்னை அடைச்சு வச்சிருக்காங்க. வேலைன்னு கூட்டிட்டு வந்து பாஸ்போர்ட்டைப் புடுங்கிட்டாங்க, ஃபோன்ல ஆளுங்களை ஏமாத்தச் சொல்லி அடிக்கிறாங்க. இன்னொருத்தன் ஃபோன்ல இருந்து பேசுறேன். எந்த நம்பரும் மனப்பாடமா இல்ல, இந்தக் கப்பல் பாஸ்வேர்டு மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. எங்க அம்மாகிட்டச் சொல்லுங்கடா."

கப்பலில் யாரோ, பாவம், நெத்திலியின் நிழலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். திருக்கை வருத்தத்தோடுதான் கை தூக்கச் சொன்னார். அவன் அழுதான். கெளுத்தி, நீயாவது கேளு என்றான். ஆனாலும் எல்லாரும் தூக்கும்போது அவளும் தூக்கினாள். என் பேரு இச... என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்தது.

உடனே நெத்திலி திரும்ப வந்துவிட்டான். என்னடா எல்லாரும் எழவு வீடு மாதிரி இருக்கீங்க என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அகிலாவும் சிரித்தாள்.

மறுநாள் லேபில் கூட்டம். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் சிக்கி மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். ஆட்கள் ஓடிப்போய்த் திறந்துவிட்டார்கள். அகிலா மட்டும் கையில் பிடித்த ஊசியோடு நின்ற இடத்திலேயே நின்றாள். நேற்று நெத்திலி பேசும்போது பின்னால் இந்தச் சத்தம்தான் கேட்டது. யாரோ ஒரு கதவை இடித்தார்கள்.

நிழலுக்குத் தொண்டை மட்டும்தான் உண்டு. நிழல் பேசும்போது பின்னால் ஃபேன் ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, நாய் குரைக்காது. கதவும் இருக்க முடியாது. அன்று அவள் ரத்தக் குப்பிகளில் எழுதி ஒட்டின சீட்டுகளையெல்லாம் பக்கத்து மேஜைப் பெண் இன்னொரு தரம் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் விலாங்கைத் தனியாகக் கப்பலின் அடித்தட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். தரைப் பேச்சு வேண்டாம் என்று அவன் முதலில் பதறினான். கதவு விஷயத்தைச் சொன்னதும் முழுசையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"கெளுத்தி, கையைத் தூக்கினா கம்பெனி நிழலா ஆளான்னு பாக்காது," என்றான் கடைசியில். "அந்த அக்கவுண்ட்ல யாரு பேசினாலும் தூக்கிக் கரையில போட்டுட்டு, நல்ல நிழலைக் கொண்டாந்து நிறுத்திடும். அவங்களுக்குக் கப்பல் நிக்காம ஓடணும், அவ்வளவுதான்."

"அப்போ மேல பாடிட்டிருக்கறது?"

"அது நிழல். எத்தனை மாசமா நிழலோ, யாருக்குத் தெரியும்? நாமதான் கேக்க மாட்டோமே."

"அவன் பேரு, ஊரு அதுக்குத் தெரியாதா?"

"அவன் இங்க பேசினதுதான் அதுக்குத் தெரியும். பேரு ஊரு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது நாமதானே?"

எங்கேயோ ஒரு பையனைப் போட்டு அடிக்கிறார்கள். அவன் வந்து கதவைத் தட்டின ஒரே வீடு இது. அந்தக் கதவைச் சாத்தினவர்களில் அவளும் ஒருத்தி.

சைபர் போலீஸுக்குப் போனாள். சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார். காணாமல் போனவன் பெயர் என்ன என்று கேட்டார். நெத்திலி என்றாள். ஊர்? தெரியாது. அப்பா பெயர்? தெரியாது. போட்டோ? ஒரு மீன் படம் இருக்கிறது. அவர் பேனாவை மூடிவிட்டார். மீன் மார்க்கெட் பக்கம் விசாரித்தீர்களா என்று பின்னால் ஒரு போலீஸ்காரர் கேட்க, இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டார். உண்மையான பெயரும் ஊரும் கொண்டுவந்தால் அன்றைக்கே எழுதுகிறேன் என்று மட்டும் சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். கம்பெனிக்கு எழுதினால், தங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது.

கரைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று அகிலா சொன்னபோது விலாங்கு வேண்டாம் என்று கெஞ்சினான். கரைக்குப் போக ஒரே வழிதான் உண்டு. நீயும் கிறுக்குப் பிடித்த நிழல் மாதிரி பேசி, நாங்கள் உன்னைத் தூக்கி எறிய வேண்டும். அப்புறம் உன் இடத்தில் உன் நிழல் நிற்கும். நான்தான் நான் என்று கம்பெனியிடம் நிரூபித்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை என்றான். கொஞ்சம் பொறுத்து, வந்திருந்தாலும் நமக்கு எப்படித் தெரியும் என்றான். அந்தக் கேள்வி இரண்டு பேரையுமே கலக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடியிருந்தார்கள். அகிலா பொய்யாகக் கிறுக்குப் பிடித்தவள் போல நடிக்கத்தான் நினைத்திருந்தாள். நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"நான் கெளுத்தி இல்ல. என் பேரு அகிலாண்டேஸ்வரி. பாளையங்கோட்டையில ரத்த லேப்ல வேலை பாக்கேன். நாப்பது தாண்டிட்டு. எங்க அம்மா செத்த வாரம் நான் உங்ககிட்டச் சொல்லல. திருக்கை, நீங்க அன்னைக்கு அமைதியான தண்ணியில ஓட்டினிய. அதுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லல. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அந்தப் பையன் நெசமான ஆளு. நாம அவனைத் தூக்கி எறிஞ்சிட்டோம்."

திருக்கையின் மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுதது. அப்படியானால் இவர் நிஜம் என்று அகிலா நினைத்தாள். அந்த நிஜமான மனுஷன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கெளுத்தியின் நிழலும் கெட்டுப்போய்விட்டது, கை தூக்குங்கள் என்று சொன்னார். முதல் கை நெத்திலியுடையது. போய்ட்டு வாடி கெளுத்தி என்று அது சிரித்தது. விலாங்கின் கை கடைசியில் மெதுவாக எழுந்தது. அவளே கேட்டுக்கொண்டதுதான், ஆனாலும் அதைப் பார்க்க முடியவில்லை. மணலில் விழுவதற்கு முன்னால், கப்பலில் இன்னொரு குரல் யாரையோ கிண்டல் பண்ணிச் சிரிப்பது காதில் விழுந்தது. அது அவள் குரல். கேட்க நன்றாகவே இருந்தது. அவளைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது.

கரையில் நாலைந்து நிழல்கள் நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அங்கே கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் கூட்டம். எல்லாருக்கும் பின்னால் சத்தம் இருந்தது; ஒருத்தர்கூட நிழல் இல்லை. ஒருத்தருக்கு ஆட்டோ ஹார்ன், ஒருத்தருக்கு மிக்ஸி, ஒருத்தருக்கு மழை. எல்லாரும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், தெரு. அகிலாவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஒரு பெண் முன்னால் வந்தாள். பவுலின், நாகர்கோவில் என்றாள். வீட்டுக்காரர் இறந்த அன்று மனசு தாங்காமல் கப்பலில் வந்து அதைச் சொன்னாளாம். கரையில் எறிந்துவிட்டார்கள். அவள் நிழல் இன்னும் அந்தக் கப்பலில் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறது. ஏன் இங்கேயே இருக்கிறாய், விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று அகிலா கேட்டாள். இங்கேதானே நான்தான் என்று சொன்னால் நம்புகிறார்கள் என்றாள் பவுலின். கரைக்காரர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. புதுசாக யார் வந்து விழுந்தாலும் அவர்களுடைய பெயரையும் ஊரையும் இரண்டு பேராவது கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

நெத்திலி என்று அகிலா சொன்னதும் பவுலின் திரும்பி, மணலின் ஓரத்தைக் காட்டினாள். அவன் உருவம் அங்கே அசையாமல் நின்றது. குரல் இல்லை.

"பேசிட்டே இருந்தான்க்கா. கதவை உடைச்சிட்டாங்க போல. அதோட நின்னு போச்சு. ஆனா அதுக்குள்ள எல்லாம் சொல்லிட்டான்," என்றாள் பவுலின். பிறகு ஜெபம் சொல்வது போல ஒப்பித்தாள்: "இசக்கிராஜா. ஊரு மேலப்புதுக்குளம், நாங்குநேரிக்குத் தெக்க. அம்மா தங்கப்பழம், பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்காவ." கூட்டிக்கொண்டு போன ஏஜண்டின் பெயர், அடைத்து வைத்திருக்கிற எல்லை ஊரின் பெயர், ஜன்னலிலிருந்து தெரிகிற ஆறு, எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

அகிலா அழுதுவிட்டாள். ஆனால் பவுலின் முடிக்கவில்லை. கரைக்காரர்களில் ஒருத்தர் அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி விசாரித்தாராம். அந்தப் பையனுக்கு என்ன, வெளிநாட்டில் ராஜா மாதிரி இருக்கிறான், தினமும் அம்மாவோடு பேசுகிறான் என்று சொல்லி வைத்துவிட்டார்களாம்.

"தினமும் பேசுதானா? யாரு பேசுதா?"

"நிழலை வீட்டு ஃபோன்லயும் பேச விடலாம்க்கா. அம்மாவுக்குப் பேச அலுத்துப்போன பிள்ளைகளுக்குன்னே கம்பெனி அதை விக்கான். இவன் ஃபோன் இப்போ அவனுககிட்டல்லா இருக்கு? யாரும் தேடக் கூடாதுன்னு அதைத் தட்டி விட்டுருப்பானுக."

அகிலா ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன்னால் பவுலின் அவளை நிறுத்தி, உங்கள் பெயரும் ஊரும் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றாள். அகிலா சொன்னாள். இரண்டு பேர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நாங்குநேரிக்குப் பஸ் ஏறினாள். போய் என்ன சொல்வது? உன் மகன் தினமும் பேசுகிறானே, அது அவன் இல்லை என்றா? பெற்றவள் நம்புவாளா? விளக்குமாற்றால் அடித்து விரட்டமாட்டாளா?

தங்கப்பழம் பள்ளிக்கூடச் சமையலை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அகிலாவைவிட நாலைந்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். யாரம்மா, எங்கிருந்து வாரிய என்று கேட்டு, உட்காரச் சொல்லி, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உங்கள் மகனோடு பழக்கம் என்று அகிலா ஆரம்பித்தாள். அவன் ஒரு ஆபத்தில் இருக்கிறான், பயப்படாமல் கேளுங்கள் அக்கா என்று சொல்லும்போது அவள் குரல்தான் பயந்து நடுங்கியது.

தங்கப்பழம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எம்மவனுக்கென்ன, நல்லாத்தானே இருக்கான் என்றாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவள் அகிலாவைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! சாப்ட்டியா? இன்னைக்குச் சோத்துல உப்புப் போட்டியா, இல்ல பிள்ளைகளை அழ விட்டுட்டியா?" அதே குரல், அதே சிரிப்பு. பின்னால் ஒரு ஃபேன் சத்தம்கூட இல்லை. கப்பலில் பாடுகிற பாட்டை ஒரு வரி பாடினான். தங்கப்பழமும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சாப்ட்டேம்ப்பா, நீ உடம்பைப் பாத்துக்கோ, வேலை நல்லா இருக்கா, நாளைக்குப் பேசு என்றாள். ஃபோனை வைத்தாள். வைத்ததும் எழுந்துபோய் அதை அரிசிப் பானைக்குள் போட்டு, மேலே தட்டைப் போட்டு மூடினாள்.

இவளிடம் இனி என்ன சொல்லி என்ன என்று அகிலா எழுந்திருக்கப் பார்த்தாள். ஆனால் தங்கப்பழம் வந்து அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது எம்புள்ள இல்லம்மா. எனக்கு முத நாளே தெரியும். அவன் என்கிட்ட என்னைக்குச் சிரிச்சுப் பேசினான்? ஃபோனை எடுத்தா, என்ன சொல்லு, சரி, வையிம்பான். அம்புட்டுத்தான். கூட்டாளிகிட்டதான் அப்படிச் சிரிப்பான், கதவைச் சாத்திக்கிட்டு. இது யாருன்னு தெரியல. தெரிஞ்சிட்டுன்னு காட்டினா அவனை என்னமும் பண்ணிருவாங்களோன்னு நானும் சிரிச்சுக்கிட்டே இருக்கேன். யாருகிட்டச் சொல்ல? சொன்னா, மவன் சிரிச்சுப் பேசுதான்னு ஒருத்தி அழுதாளாம்னு ஊரு சிரிக்கும்."

அகிலா எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலில் கை தூக்கினதையும் மறைக்கவில்லை. தங்கப்பழம் அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ, அகிலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கொரல் எப்படி இருந்துச்சு? பயந்திருந்தானா?"

பொய் சொல்லலாமா என்று அகிலா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"ரொம்பப் பயந்துபோயிருந்தான்க்கா. அழுதான். அம்மாகிட்டச் சொல்லுங்கன்னான்."

தங்கப்பழம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எத்தனையோ மாசமாக அடக்கி வைத்திருந்தது போல இருந்தது.

"அப்போ அது எம்புள்ளதான்," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, போலீஸுக்குப் போகச் செருப்பைத் தேடினாள்.